மலையகத்தின் பழைய இடங்களை எப்படிப் பார்ப்பது, அவற்றின் கதையை யாரிடம் கேட்பது?

ஊவாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியை, பத்தாம் ஆண்டு மாணவரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறார். சென்ற முறை கண்டியிலும் நுவரெலியாவிலும் படம் எடுத்துக்கொண்டு, சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்ததாகவும், வழிகாட்டி சொன்னவற்றில் எது மெய், எது கட்டுக்கதை என்று பிள்ளைகள் கேட்டபோது தம்மிடம் விடை இருக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மலையகத்தில் எங்கே போகலாம், போன இடத்தின் கதையை எவ்வாறு கண்டறியலாம் என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே பாடத்தைக் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பிள்ளைகளோடு போய் நானே ஏமாந்த இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையில் தொடங்குவது வழக்கம். நான் மஹியாவ மயானத்தில் தொடங்குவேன். ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் 1835இல் பிறந்து, 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் ஹேவாஹெட்டையில் உள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் அவர். இந்நாட்டில் வணிகத்துக்கான தேயிலைச் செய்கை அந்த 19 ஏக்கரிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. அவருடைய பெயரும், 1892 மே 2 என்ற மரணத் திகதியும், இத்தீவில் தேயிலைக்கும், கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்துக்கும் அவர் முன்னோடி என்ற வாசகமும் கல்லில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. டெய்லர் நூறு கிலோவுக்கும் மேல் நிறையுள்ள பெருத்த உடம்புக்காரர். வயிற்றுளைச்சலால் தோட்டத்திலேயே இறந்த அவரை, பன்னிரண்டு பேர் கொண்ட இரண்டு அணிகள் தோள் மாற்றித் தோள் மாற்றி, மலைப்பாதை வழியே கண்டி வரைக்கும் சுமந்து வந்ததாகத் தேயிலையின் வரலாற்றை எழுதியோர் பதிந்துள்ளனர். அந்த இருபத்து நான்கு பேரின் பெயர் எதுவும் இந்தக் கல்லில் இல்லை.

அந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளிடம் நான் இரண்டு கேள்விகளைக் கொடுப்பது வழக்கம். இங்கே யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது? எழுதப்பட்டதைச் சுமந்தவர் யார்? சுற்றுலா முடியும் வரை, எந்த இடத்தில் இறங்கினாலும் இந்த இரண்டையும் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும் என்பது மட்டுமே அவர்களுக்குரிய வேலை. வினாத்தாள், படிவம் ஒன்றும் தேவையில்லை. கேள்வி இரண்டாக இருப்பதால் எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. முதற் கேள்விக்கு விடை கல்லிலேயே கிடைத்துவிடும், இரண்டாவதற்குத் தேட வேண்டியிருக்கும்.

மயானத்திலிருந்து ஹேவாஹெட்டைக்குப் போங்கள். லூல்கந்துரவில் டெய்லர் வாழ்ந்த குடிலின் புகைபோக்கி எஞ்சி நிற்கிறது. அவர் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல் ஆசனத்தையும் காட்டுவார்கள். முதலில் தேயிலை நட்ட இடம் தோட்டத்தின் ஏழாம் இலக்கத் துண்டு. இதை நம் பிள்ளைகளிடம் 'ஏழாம் நம்பர் மலை' என்று சொன்னால் போதும், உடனே கண் விரியும்; ஏனென்றால் அவர்களுடைய தாய்மார் இன்றும் 'இன்னைக்கு நாலாம் நம்பர் மலையில கொழுந்து' என்று சொல்லித்தான் வீட்டிலிருந்து இறங்குகிறார்கள். பாடப்புத்தகத்து 1867ஐயும் தங்கள் வீட்டுப் பேச்சையும் பிள்ளைகள் ஒரே மூச்சில் சேர்த்துப் பார்க்கும் கணம் அது. அதற்காகவே அந்த மோசமான பாதையில் பஸ்ஸைக் குலுக்கிக்கொண்டு போகலாம்.

அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. லூல்கந்துரவுக்கு வெளிநாட்டவர் வண்டி பிடித்து வருகிறார்கள். முல்லோயாவைத் தேடி வருவோர் மிகச் சிலர். சம்பள உயர்வையும் தொழிற்சங்க உரிமையையும் கோரி அங்கே நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகி என்று அவரைச் சொல்வார்கள். அந்தத் துப்பாக்கிச் சூடு ஹேவாஹெட்டை மலைகளுக்குள் அடங்கிப்போகவில்லை. விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, பொலிஸ் மீது அதிகாரம் யாருக்கு என்பதில் ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் மூண்ட பிணக்கு, அமைச்சர்கள் பதவி விலகும் வரை போனது. கண்டிச்சீமையின் ஒரு மூலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், தொடங்கிய விடயம் கொழும்பு அரசாங்கத்தையே ஆட்டியது என்பதைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே நாளில், ஒரே பள்ளத்தாக்கில், 1867ஐயும் 1940ஐயும் பார்க்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு. அங்கே போகுமுன் தோட்ட அலுவலகத்துக்கு அதிபரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். சொல்லாமல் போய்க் காவலாளியிடம் மல்லுக்கு நிற்பது பிள்ளைகளுக்கு நல்ல பாடம் அல்ல.

இரண்டாம் நாளை உடுநுவரப் பக்கத்துக்கு ஒதுக்கலாம். பிலிமத்தலாவைக்கு அண்மையில் உள்ள கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க ஆகிய மூன்று பழைய கோயில்களையும் ஒரே வளையமாகச் சுற்றி வரலாம். தமிழ்ப் பாடசாலைகள் இந்த மூன்றையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன; 'அது பௌத்தக் கோயில், நமக்கு என்ன' என்று ஓர் ஆசிரியரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் போயிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். கம்பளை அரசு காலத்தில், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344இல் எழுந்தவை கடலாதெனியவும் லங்காதிலகவும். கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. கருங்கல் தூண், அடித்தளமான அதிட்டானம், மேலே விமானம் போன்ற அமைப்பு என்று ஒவ்வொன்றிலும் தென்னிந்தியக் கை தெரியும்; உள்ளே இருப்பவர் புத்தர். லங்காதிலகவைச் சமைத்தவராகச் சொல்லப்படுபவர் ஸ்தபதி ராயர். பாறையின் மேல் செங்கல்லால் எழுப்பி வெண்சாந்து பூசிய அந்தக் கட்டடத்தில், முன்புறம் புத்தர் சந்நிதியும், அதைச் சுற்றி விஷ்ணு, சமன், விபீஷணன், கந்தன், கணபதி ஆகியோரின் சந்நிதிகளும் இருக்கின்றன.

கட்டடத்தைப் பார்த்த கையோடு பிள்ளைகளை அங்குள்ள பாறைக் கல்வெட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். சிங்களத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக அங்கே கல்வெட்டுகள் உண்டு. கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தியை இரு மொழியிலும் எழுதிவைக்க வேண்டிய தேவை அந்த அரசுக்கு இருந்திருக்கிறது. ஆண்டு சக வருடத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். சக ஆண்டு 1266 என்றால், அதனுடன் 78ஐக் கூட்ட 1344 வரும். கணக்கைப் பிள்ளைகளையே போடவிடுங்கள். எழுத்தைப் பார்க்கும்போது அலைபேசி வெளிச்சத்தைக் கல்லுக்கு நேரே பிடித்தால் வெறும் பாறைதான் தெரியும். வெளிச்சத்தைக் கல்லின் ஓரத்தில், ஏறத்தாழக் கல்லை உரசுவது போலச் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, வரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து வரும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் சூரியனே அந்த வேலையைச் செய்துவிடும். நான் அழைத்துச் சென்ற ஒரு வகுப்பில், படிப்பில் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கிய ஒரு பையன், முழந்தாளிட்டுக் கன்னத்தைப் பாறையோடு வைத்துப் பார்த்து, 'சேர், இது ட... இது ம...' என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினான். எழுநூறு ஆண்டுகளில் பல எழுத்துகள் உருமாறிவிட்டன. வடசொற்களுக்குக் கிரந்த எழுத்தும் இடையிடையே வரும். ஆனாலும் ட, ம, ப, க போன்றவை கண்ணுக்குத் தட்டுப்படும். சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பிப் பார்க்க எவரையும் விடாதீர்கள். எண்ணெய், மை எதுவும் கூடாது. படியெடுப்பதற்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

இங்கே ஒரு சிறு கிளைச்செய்தி. மொரோக்கோவின் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் கொடுத்த பல்லக்கிலும் ஆள் உதவியிலும் சிவனொளிபாதமலைக்கு ஏறியதும் இதே 1344இல்தான். ஒரு மலையில் தமிழ்க் கல்வெட்டு வெட்டப்படுகிறது. இன்னொரு மலையில் ஓர் அரபு எழுத்தாளர் சங்கிலியைப் பிடித்து ஏறுகிறார். ஆண்டுகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு, ஓர் ஆண்டை இப்படிக் குறுக்கே வெட்டிக் காட்டினால் மறக்காது.

எம்பெக்க கதிர்காமத் தெய்வத்துக்குரிய தேவாலயம். அதன் மரத்தூண்களில் மல்லர், பின்னிய அன்னம், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் எனச் செதுக்கல்கள் நிறைந்திருக்கின்றன. கூரையை மறக்காமல் அண்ணாந்து பாருங்கள்: 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து பூட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள், எண்ணட்டும்.

கண்டி நகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூல்கள் நிறைய உண்டு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபத்தில் நின்று, பிரதானிகளில் சிலர் அந்த ஒப்பந்தத்தில் தமிழ் எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் ஆரவாரிப்பார்கள். உடனே 'கண்டியின் கடைசி அரசன் தமிழன்' என்று முடிவுகட்டிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். 1739 முதல் 1815 வரை ஆண்ட நால்வரும் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழியினர். அவர்களுடைய வேர் தெலுங்கு, பழகிய மொழிகளில் தமிழ் உண்டு, அரசுக் கட்டிலில் அமர்ந்தது பௌத்தத்தின் காவலராக. அவர்களில் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே 1753இல் சியாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து பிக்குகளின் உயர் துறவேற்பான உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டினார். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். இந்த வரலாற்றை ஒரு பக்கத்துக் கொடியால் போர்த்த முயல்கிறவர்கள் இரு மொழியிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டையும் கேட்டுவிட்டுத் தூண்களைப் பார்க்கட்டும்.

கொழும்பு வீதியில் கடுகண்ணாவையைக் கடக்க நேர்ந்தால், வீதியைக் கட்டிய கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரத்தின் அடியில் நம் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். கல்லில் இருப்பது டோசன். பாறையை உடைத்தவர்கள் இராஜகாரிய முறையில் கூலியின்றி வேலைக்கு வரவழைக்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள். அந்த முறை 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. அதைப் பரிந்துரைத்த கோல்புரூக்–கமரூன் ஆணைக்குழுவின் கமரூனை, இந்தப் பதிலில் வேறோர் இடத்தில் மறுபடியும் சந்திப்போம்.

மாத்தளை வேறு வகை இடம். அங்கே போகும்போது, கட்டடத்தைவிடப் பாதையைப் பற்றிப் பேச வேண்டும். கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். தலைமன்னாரிலிருந்து கணக்கிட்டால் 250 கிலோமீற்றர் அளவு. காலராவும் காய்ச்சலும் வழியில் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைத்து, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மறுபடி நடந்தார்கள். உங்கள் ஊரிலிருந்து அந்த நடையில் கலந்துகொண்டவர் எவரேனும் இருந்தால், சுற்றுலாவுக்கு முந்திய வாரம் அவரை வகுப்புக்கு அழையுங்கள்.

பாதையில் உள்ள நாலந்தா கெடிகேயில் கட்டாயம் இறங்குங்கள். மாமல்லபுரத்துக் கற்கோயில்களை நினைவூட்டும் பல்லவச் சாயல் கொண்ட சிறிய கற்கட்டடம் அது. போவதென்ன நீர்த்தேக்கத்துக்காக அதன் பழைய இடம் நீரில் மூழ்கவிருந்தபோது, கல் கல்லாகப் பிரித்து மேட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஆகவே நாம் பார்ப்பது பழைய கட்டடம், புதிய இடம். பாதையில் நடந்த நம் முன்னோரின் கண்ணில் அது பட்டிருக்குமா என்று மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். பட்டிருக்கலாம் என்றேன்; பழைய இடத்திலிருந்து என்று சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டேன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராசகோபுரத்தையும், மாசி மகத்துப் பஞ்சரத பவனியையும் அறியாத மலையகப் பிள்ளை இல்லை. 1983இல் அந்தக் கோயிலின் பழைய தேர்கள் எரிக்கப்பட்டன என்பதையும், இன்று ஓடுபவை அதற்குப் பின் செய்யப்பட்டவை என்பதையும் அறிந்த பிள்ளைகள் குறைவு.

இவ்வளவும் பஸ் பிடித்துப் போக வேண்டிய இடங்கள். பஸ் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. உங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள தோட்டமே ஒரு பழைய இடந்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். கோப்பி ஒரு பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, கணக்கு முடித்து ஊர் திரும்பியவர்கள் பலர். 1869இல் கோப்பியில் இலைநோய் காணப்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பயிரே அழிந்து, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். தற்காலிகமாக அடிக்கப்பட்ட லயங்களில், 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்கள் எனப்பட்ட அறைகளில், குடும்பங்கள் நிலைத்தது இதனால்தான். ஆகவே ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போகும்போது, கோப்பிக் காலத்து எச்சம் எது, தேயிலைக் காலத்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம். தேயிலைக்கு நடுவே காடாகிப்போன ஓடையோரத்தில் தானாக முளைத்து நிற்கும் கோப்பிச் செடி, எவரும் குடியில்லாத மேட்டில் தனியே நிற்கும் முனியாண்டி, பயன்படாத பழைய பாதையில் கல் அடுக்கிய படி போன்றவை பெரும்பாலும் பழையவற்றின் தடயங்களாக இருக்கும்.

தெய்வங்களைப் பாருங்கள். கோபுரம் வைத்த கோயில் பிற்காலத்தது. அதற்கு முன் மரத்தடியில் நட்ட கல்லும் சூலமுமே இருந்தன. ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ரோதைமுனி இருக்கிறாரா என்று தேடுங்கள். ரோதை என்றால் சக்கரம். நீராலும் பின்னர் எஞ்சினாலும் சுழன்ற பெரிய ரோதையில் கைகால் போய்விடக்கூடாதே என்ற அச்சத்தில் பிறந்த தெய்வம் அது. தமிழகத்தின் எந்த ஊரிலிருந்தும் இப்படி ஒரு முனியைக் கூட்டி வந்ததாக எனக்குத் தெரியாது, இங்கே பிறந்தவர் அவர். கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்க, தொடங்கும் நாளில் கத்தியை வைத்துக் கும்பிடும் கவ்வாத்துச்சாமியும் அப்படியே. எந்த வேலையில் ஆபத்து இருந்தது, எந்த வேலைக்கு மரியாதை இருந்தது என்பதை எந்தத் துரையின் அறிக்கையையும்விட இந்தக் கற்கள் நேராகச் சொல்கின்றன.

பெயர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் பலகையில் எழுதிய பெயர் ஒன்று, வாயில் வழங்கும் பெயர் ஒன்று. ஸ்கொட்லாந்து ஊரின் பெயரைத் துரை வைத்திருப்பார். நம்மவர் ஆள் சேர்த்து மேற்பார்த்த பெரிய கங்காணியின் பெயரையோ, ஆற்றையோ, மரத்தையோ வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள். தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் பெர்குசன் டைரக்டரி என்ற பழைய ஆண்டு மலர் அச்சிட்டிருக்கிறது. தந்திக்கும் ஆள் சேர்ப்புக்கும் அவை தேவைப்பட்டிருக்கும். பிள்ளைகள் தங்கள் தோட்டத்தின் வாய்ப்பெயரையும் டிவிஷன்களின் பெயரையும் தாத்தா, அப்பாயி, அம்மாயிமாரிடம் கேட்டு ஒரு வரைபடத்தில் குறிக்கட்டும்.

முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். 'எந்த வருசம் தாத்தா?' என்றால் அவர் உங்களை மகிழ்விக்க ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். எந்தத் துரை காலம், பிரஜாவுரிமைக்கு எழுதியதற்கு முன்னா பின்னா, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஊருக்குப் போனவர்கள் போன பிறகா, மாப்பஞ்சத்தின் போதா, அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகா, கம்பனிக்குக் கொடுத்த பிறகா என்று கேளுங்கள். 1949–51, 1964, 1973–74, 1975, 1992 என்று ஆண்டுகளை நீங்கள் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆண்களிடம் கேட்டால் சங்கமும் வேலைநிறுத்தமும் வரும்; பெண்களிடம் கேட்டால் எந்தக் காம்பராவில் யார் பிறந்தார், எந்தப் பீலியில் தண்ணீர் எடுத்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எந்த ஆயா இருந்தாள் என்பது வரும். இரண்டாவது வகைதான் எந்த ஆவணத்திலும் இல்லாதது. வீட்டில் டிரங்குப் பெட்டி இருந்தால், அவர்களே திறந்து காட்டும் வரை காத்திருங்கள். பழைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதியில் பூர்வீகக் கிராமத்தின் பெயர் இருக்கக்கூடும். ஒரு பேரப்பிள்ளை தன் கொள்ளுப்பாட்டனின் பெயரை முதன்முதலில் அப்படி ஒரு தாளில் வாசித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நான் ஏமாந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்துக் கோயில் மணி, முதற்குடி வந்தபோது இந்தியாவிலிருந்து தலையில் சுமந்து கொண்டுவரப்பட்டது என்று மூன்று முதியவர்கள் ஒரே மாதிரிச் சொன்னார்கள். மூவர் சொன்னால் மெய் என்று நம்பி, பாடசாலை மலரில் கட்டுரையாக எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டு கோயிலுக்கு வண்ணம் பூச மணியை இறக்கினார்கள். உட்புற விளிம்பில் ஒரு பிரித்தானிய வார்ப்படச் சாலையின் பெயரும், தேயிலைக் காலத்து ஆண்டு ஒன்றும் இருந்தன. பழைய ஸ்டோரில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, அடித்த மணி அது. மூவரும் ஒரே பூசாரியிடம் கேட்டுச் சொன்னவர்கள் என்பதை நான் விசாரித்திருக்க வேண்டும். அதன் பிறகு, ஒரு கதையை எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, அவர்கள் யாரிடம் கேட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்கிறேன். ஆனால் கதை பொய் என்று தூக்கி எறியவும் இல்லை. வேலைக்கு விரட்டிய மணியைக் கோயிலில் கட்டி, அதற்கு ஊரிலிருந்து வந்த பிறப்பைக் கொடுத்த மனம் எது என்பது மணியின் வயதைவிட எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

வழிகாட்டிகளின் கதைகளை எடைபோடுவதும் இதே முறைதான். உங்கள் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரால் இரும்பு வராமல் போகவே, உள்ளூர் ஆள் ஒருவர் கல்லாலும் சாந்தாலும் கட்டிக் காட்டினார் என்ற கதையை எல்லவில் இளநீர் விற்பவரும் சொல்வார். இலங்கைப் பொறியியலாளர் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, வரைபடங்களோடு, அதைக் கொங்கிறீட் பாலமாக விவரிக்கிறது. உள்ளூர்க் கைத்திறன் அதில் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. பெருமளவு கை நம் நாட்டவருடையதுதான். இரும்புக் கதையை மட்டும் ஒரு கேள்விக்குறியோடு சொல்லுங்கள். நுவரெலியாவில் கல்லறை உள்ள, 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தது மெய். அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை என்பதை ஊரார் யானைகளின் சாபம் என்பர். சீதாஎலிய சீதையம்மன் கோயிலில் கும்பிடுங்கள், அது நம்பிக்கையின் இடம்; அதற்கு அருகிலுள்ள ஹக்கலப் பூங்கா 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கப்பட்டது என்பது வரலாறு. இரண்டையும் ஒரே தொனியில் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஹட்டன் பக்கம் போனால் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய முற்றத்தில், நான் முன்பு சொன்ன சார்ள்ஸ் ஹே கமரூனின் கல்லறை இருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கமரூன், 1879இல் இறந்தவர், புகைப்படக் கலை வரலாற்றில் பெரிய பெயர். இலங்கையில் வாழ்ந்த கடைசி ஆண்டுகளில் அவர் இங்குள்ள தொழிலாளர்களையும் படம் எடுத்தார். அந்த முகங்கள் இன்று உலக நூதனசாலைகளில் இருக்கின்றன, முகத்துக்கு உரியவர்களின் பெயர்கள் இல்லை. பிள்ளைகள் அந்தப் படங்களில் ஒன்றை அச்செடுத்துக் கையில் கொண்டுபோய், கல்லறைக்கு முன் நின்று பார்க்கட்டும். தொழிலாளர் பக்கத்துப் பொருட்களைக் காண வேண்டுமானால் கம்பளைக்கு அண்மையில், பாரதெக்கவின் பழைய பீக்கொக் தோட்டத்தில், ஒரு லயத்தையே நூதனசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால், காம்பராவின் அளவு தானாகப் பேசும்.

கடைசியாக மஸ்கெலியா. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய சண்முகநாதர் கோயிலின் சுவர்களும், பள்ளிவாசலும், விகாரையின் எச்சங்களும் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். அந்த நகரத்தில் கடை வைத்திருந்தவர்கள் கரைக்கு வந்து, எது எந்தத் தெரு என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அவர்கள் நிற்கும் நாளில் போவதே நல்லது, ஏனென்றால் அங்கே விளக்கப் பலகை கிடையாது. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மஸ்கெலியாவில் தெரிந்த எவரிடமாவது நீர்மட்டத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேறு மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே முழங்கால் வரை இழுக்கும். பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்தி, பெரியவர்களை அவர்களிடம் அழைத்து வாருங்கள்.